காணாமற்போன ஒரு ரூபாய்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு மாலைப்பொழுது. அடைமழை பெய்துகொண்டிருந்தது. மின்சாரம் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நண்பர் ஒருவரின் இல்லத்துத் திண்ணையில் நால்வர் அமர்ந்திருந்தோம். வீட்டுக்காரர் அஞ்சலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவரோடு, தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர், பிறகு நாம். மழை விடட்டும் என்று காத்திருந்த வேளையில், எட்டாம் வகுப்பில் படிக்கும் வீட்டுக்காரரின் பேத்தி மெழுகுவர்த்தி ஒன்றை ஏந்தி வந்து திண்ணை மாடத்தில் வைத்தாள். வைத்தவள் உள்ளே போகவில்லை. “தாத்தா, ஒரு கணக்குச் சொல்லட்டுமா? எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை” என்றாள்.

கணக்கு இதுதான். மூன்று நண்பர்கள் ஒரு தங்கும் விடுதிக்குச் சென்றனர். அறை வாடகை 30 ரூபாய் என்றார் விடுதிக்காரர். ஆளுக்கு 10 ரூபாய் போட்டுக் கொடுத்துவிட்டு அறைக்குச் சென்றனர். சற்று நேரத்தில் விடுதிக்காரருக்கு, அந்த அறையின் வாடகை 25 ரூபாய்தான் என்பது நினைவுக்கு வந்தது. உடனே ஐந்து ஒரு ரூபாய் நாணயங்களை எடுபிடிப் பையனிடம் கொடுத்து, அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். ஐந்தை மூவருக்குப் பிரிக்க இயலாதே என்று எண்ணிய பையன் இரண்டு ரூபாயைத் தன் பையில் போட்டுக்கொண்டான். மிகுதி மூன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தான். ஆகவே ஒவ்வொருவரும் கொடுத்தது 9 ரூபாய். மூவொன்பது 27. பையன் பையில் 2. ஆக 29. முதலில் கொடுத்ததோ 30. அந்த ஒரு ரூபாய் எங்கே?

வாசக அன்பர்களில் பலர் இக்கணக்கை முன்பே கேட்டிருப்பீர்கள். நாமும் கேட்டிருக்கிறோம். ஆயினும் வியப்பு என்னவென்றால், முன்பே கேட்டவருக்கும் விடை உடனே நாவில் வருவதில்லை. “இது எனக்குத் தெரியும்” என்று தொடங்கிய நாமே, பாதி வழியில் நின்றுவிட்டோம்.

தமிழாசிரியர், “பையன் எடுத்தது இரண்டன்று, மூன்றாக இருக்கும், குழந்தை கணக்கைத் தவறாகச் சொல்கிறாள்” என்றார். பேத்தி மறுத்தாள். அஞ்சலக நண்பர் விரல்களை மடக்கி மும்முறை கூட்டினார். மும்முறையும் 29தான் வந்தது. “நாற்பது ஆண்டு மணியார்டர் பார்த்த கை இது. ஒரு ரூபாய் குறைகிறது, குறைவதுதான் உண்மை” என்று சற்றுக் கோபமாகவே சொன்னார். “இல்லாத பணம் குறையாது. கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்” என்றார் அண்ணாச்சி. “கல்லாவில் 25 இருக்கிறது; அதைப் பற்றி யார் கேட்டார்?” என்றார் அஞ்சலக நண்பர். குரல்கள் உயர்ந்தன. மழையின் ஓசையை மீறி வீட்டினுள்ளும் கேட்டிருக்க வேண்டும். நண்பரின் துணைவியார் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். “வாயால் கூட்ட வேண்டாம். கையால் வைத்துப் பாருங்கள்” என்றார்.

அப்படியே செய்தோம். பேத்தி முப்பது கொட்டைகளை எண்ணி எடுத்தாள். ஆசிரியர், அண்ணாச்சி, நாம் ஆகிய மூவரும் விருந்தினர், ஆளுக்குப் பத்து. அஞ்சலக நண்பர் விடுதிக்காரர். பேத்தி எடுபிடிப் பையன். முப்பதும் விடுதிக்காரர் முன் போய்ச் சேர்ந்தன. அவர் ஐந்தை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தார். அவள் இரண்டைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு ஒவ்வொன்று தந்தாள். “இப்போது எண்ணுங்கள்” என்றார் அம்மையார். விடுதிக்காரர் முன் 25. பேத்தி மடியில் 2. எங்கள் மூவர் கையில் 3. ஆக முப்பது. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவும் இல்லை.

“அப்படியானால் 29 எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார் அஞ்சலக நண்பர். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை.

அம்மையார் சொன்ன விடையை அவர் சொன்னவாறே எழுதுகிறோம்: “மாதச் செலவு எழுதும்போது மொத்தம் 27 ரூபாய் செலவு என்று எழுதுகிறேன். அதற்குள்தான் வாடகை 25ம், பையனுக்குப் போன 2ம் இருக்கின்றன. செலவுக்குள் இருக்கிற இரண்டை மறுபடியும் எடுத்துச் செலவோடு கூட்டினால் என்ன வரும்? பால்காரருக்குக் கொடுத்ததை ஒரே மாதத்தில் இரண்டு தடவை எழுதினால், கணக்கு எப்படிச் சரியாகும்?”

இவ்வளவுதான் சூட்சுமம். விருந்தினர் கைவிட்டுப் போனது 27. அது போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு: விடுதிக்காரரிடம் 25, பையனிடம் 2. ஆகவே 27இலிருந்து 2ஐக் கழித்தால் 25 வரும். அதற்குப் பொருள் உண்டு. 27உடன், திரும்பி வந்த 3ஐக் கூட்டினால் 30 வரும்; அதற்கும் பொருள் உண்டு. 27உடன் 2ஐக் கூட்டினால் வரும் 29க்கோ பொருளே இல்லை. அது எவர் கையிலும் இல்லாத, எவரும் கொடுக்காத ஒரு தொகை. அது 30க்கு மிக அருகில் நிற்பதால் மட்டுமே நம்மை ஏமாற்றுகிறது.

ஐயம் இருப்பின் எண்களை மாற்றிப் பாருங்கள். விடுதிக்காரர் 5க்குப் பதிலாக 20 ரூபாயைத் திருப்பி அனுப்பினார் என்று கொள்வோம். பையன் 2ஐ எடுத்துக்கொண்டு, 18ஐ ஆளுக்கு 6 வீதம் கொடுத்தான். ஒவ்வொருவரும் கொடுத்தது 4, மூவருக்கும் 12. பையன் பையில் 2. ஆக 14! “மீதி 16 ரூபாய் எங்கே?” என்று இப்போது எவரேனும் கேட்பாரா? கேட்கமாட்டார். பத்து ரூபாய் விடுதிக்காரரிடம் இருக்கிறது, பதினெட்டு திரும்பி வந்தது என்று குழந்தையும் சொல்லிவிடும். குறைவு பெரிதாக இருந்தால் அறிவு விழித்துக்கொள்கிறது. ஒரே ஒரு ரூபாய் குறைவதுபோல் தோன்றினால், தேடத் தொடங்கிவிடுகிறோம்.

இத்தகைய ஏமாற்றுக் கணக்குகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. 1933இல் செசில் ரீட் என்பவர் கணிதப் பிழைகளைப் பற்றி எழுதியபோது இதற்கு உறவான ஒன்றைக் கொடுத்தார். அவர் டாலரில் சொன்னதை நாம் ரூபாயில் சொல்வோம். ஒருவர் வங்கியில் 50 ரூபாய் போட்டார். முதலில் 20 எடுத்தார்; மீதி 30. பிறகு 15 எடுத்தார், மீதி 15. பிறகு 9 எடுத்தார், மீதி 6. கடைசியில் 6 எடுத்தார், மீதி ஒன்றுமில்லை. எடுத்தவற்றைக் கூட்டினால் 50. மீதிகளைக் கூட்டினால் 30, 15, 6 ஆக 51. அந்த மிகுதி ஒரு ரூபாய் யாருடையது?

எவருடையதும் அன்று. எடுத்த தொகைகளைக் கூட்டுவதில் பொருள் உண்டு; மீதிகளைக் கூட்டுவதில் பொருளே இல்லை. அதே மனிதர் நாளொன்றுக்கு ஒரு ரூபாயாக ஐம்பது நாள் எடுத்திருந்தால், மீதிகள் 49, 48, 47 என்று இறங்கும். அவற்றைக் கூட்டினால் 1,225 வரும். வங்கி அவருக்கு 1,225 ரூபாய் தரவேண்டும் என்று எந்த மேலாளரும் ஒப்புக்கொள்ளமாட்டார் அன்றோ?

இத்தகைய மயக்கத்திலிருந்து வணிகரைக் காப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என நடுவே கோடு கிழித்து எழுதும் இரட்டைப் பதிவு முறை அது. இத்தாலி நாட்டு வணிகர்கள் முன்பே கையாண்டு வந்த இம்முறையை முறையாக விளக்கி அச்சில் ஏற்றியவர் ஒரு துறவி. பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட கணித நூலில் அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். ஓவியர் லியொனார்தோ தா வின்சி இவருடைய நண்பர். இவர் எழுதிய வேறொரு நூலுக்கு அவரே படங்கள் வரைந்து கொடுத்தார். பச்சோலி விளக்கிய முறையின் உயிர் என்னவெனில், ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு பக்கத்திலும், எங்கே போயிற்று என்பதை மறுபக்கத்திலும் எழுதவேண்டும். 27 ஒரு பக்கம். 25ம் 2ம் மறுபக்கம். இவ்வாறு எழுதிய பின், மறுபக்கத்து 2ஐக் கோடு தாண்டி இழுத்து வந்து 27உடன் கூட்ட எவருக்கும் கை வராது. நண்பரின் துணைவியார் பச்சோலியின் பெயரைக் கேட்டவர் அல்லர். ஆனால் அவருடைய பாடத்தை அடுக்களையில் நாற்பது ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறார்.

“அப்படியானால், காணோம் என்று சொல்லப்படும் ரூபாய் எல்லாம் கற்பனைதானா?” என்று கேட்டார் தமிழாசிரியர். அதற்கு விடை சொன்னவர் அண்ணாச்சி. கடைக்காரர் அல்லவா? தம் பங்குக்கு ஒரு கணக்கை அவிழ்த்துவிட்டார்.

சந்தையில் இரண்டு மூதாட்டியர் எலுமிச்சம்பழம் விற்கின்றனர். ஒவ்வொருவரிடமும் 30 பழங்கள். ஒருவருடையவை சிறியவை, ரூபாய்க்கு மூன்று. மற்றவருடையவை பெரியவை, ரூபாய்க்கு இரண்டு. நாள்தோறும் முதலாமவருக்கு 10 ரூபாயும், இரண்டாமவருக்கு 15 ரூபாயும் கிடைக்கும், இருவருக்குமாக 25. ஒரு நாள் ஒருவருக்கு உடல்நலமில்லை. பழங்களை மற்றவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இரண்டையும் கலந்து, ‘மூன்று ஒரு ரூபாய், இரண்டு ஒரு ரூபாய், ஆகவே ஐந்து பழம் இரண்டு ரூபாய்’ என்று விற்றார். அறுபது பழங்கள், பன்னிரண்டு கூறு. கூறுக்கு இரண்டு ரூபாய் வீதம் 24. ஒரு ரூபாய் எங்கே?

முன்னைய அனுபவத்தால் துணிவு பெற்ற நாம், “இதுவும் வெறும் மயக்கம்” என்றோம். அண்ணாச்சி சிரித்தார். “இல்லை. இங்கே ரூபாய் உண்மையாகவே போய்விட்டது.” மறுபடியும் புளியங்கொட்டைகள் வந்தன. கூறு ஒவ்வொன்றிலும் சிறியவை மூன்று, பெரியவை இரண்டு எனக் கட்டினோம். பத்துக் கூறு முடிந்ததும் சிறிய பழங்கள் முப்பதும் தீர்ந்துவிட்டன. பெரியவை இருபதுதான் போயிருந்தன. எஞ்சியவை பத்தும் பெரிய பழங்கள். ரூபாய்க்கு இரண்டு வீதம் அவற்றுக்கு 5 ரூபாய் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அவையும் ஐந்து இரண்டு ரூபாய் என்று 4 ரூபாய்க்குப் போயின. தொலைந்த ரூபாய் அங்கேதான் இருக்கிறது. விலைகளைக் கலந்து சராசரி பார்த்த தவறு அது.

இக்கணக்கின் மூதாதையும் பழமையானதே. யார்க் நகரில் கல்வி கற்று, பேரரசர் சார்லமேனின் அரசவையில் ஆசிரியராகப் பணியாற்றி, தூர் நகரத்துப் புனித மார்த்தீன் மடத்தின் தலைவராக 804இல் இறந்தவர் அல்குயின். இளைஞர் அறிவைக் கூர்மையாக்குவதற்கென எழுதப்பட்ட கணக்குத் தொகுப்பு ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆகிய மூன்றையும் ஆற்றைக் கடத்தும் விடுகதையை நம் பிள்ளைகள் அறிவார்கள். அதே புதிர் ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று அத்தொகுப்பில் உள்ளது. அங்கே இரண்டு வணிகர் கதையும் உண்டு. 100 பொற்காசுகளுக்கு, ஐந்து இரண்டு காசு என்ற விலையில், 250 பன்றிகளை வாங்குகின்றனர். வாங்கிய விலைக்கே விற்றும் இலாபம் காண்பது எப்படி என்பது கேள்வி. ஆளுக்கு 125 எனப் பிரித்துக்கொள்கின்றனர். ஒருவர் மெலிந்தவற்றைக் காசுக்கு மூன்றாக 120 விற்று 40 காசு பெறுகிறார்; மற்றவர் கொழுத்தவற்றைக் காசுக்கு இரண்டாக 120 விற்று 60 காசு பெறுகிறார். போட்ட நூறும் வந்துவிட்டது; பத்துப் பன்றிகள் மிச்சம்! நம் மூதாட்டி கலந்ததால் இழந்தார். அவ்வணிகர் பிரித்ததால் பெற்றனர்.

மழை சற்றுக் குறைந்தது. எழுந்திருக்கலாம் என்று எண்ணிய வேளையில் பேத்தி கேட்டாள்: “தாத்தா, இவ்வளவு நேரம் இல்லாத ஒரு ரூபாயைத் தேடினீர்களே. அந்தப் பையன் எடுத்துக்கொண்ட இரண்டு ரூபாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, அது தப்பில்லையா?”

எவரும் விடை சொல்லவில்லை. அஞ்சலக நண்பர் கிண்ணத்திலிருந்த கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, மெதுவாக, “அந்த வேன் கணக்கு நினைவிருக்கிறதா?” என்று கேட்டார்.

நினைவிருந்தது.

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் நம் தெருவிலிருந்து பதினைந்து பேர் வேளாங்கண்ணிக்கு வேன் அமர்த்திச் சென்றோம். ஆளுக்கு 200 ரூபாய், மொத்தம் 3,000. பணம் வசூலித்து, வேன் பேசி, கணக்கு எழுதும் பொறுப்பை ஓர் இளைஞர் ஏற்றுக்கொண்டார். தந்தையை இழந்தவர்; தொழிற்பயிற்சி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர். அவருடைய தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்துவந்தார். திரும்பும் வழியில் நள்ளிரவில் வேன் பழுதாகி நின்றுவிட்டது. ஓட்டுநரும் கிளீனரும் விடிய விடியக் கண்விழித்துச் சரிசெய்தனர். ஊர் வந்து சேர்ந்ததும் வேன் உரிமையாளர் எங்கள் சிரமத்தைக் கருதி 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். இளைஞர் அதில் 200ஐ ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார். எஞ்சிய 300ஐ ஆளுக்கு 20 வீதம் எங்களுக்குத் திருப்பித் தந்தார். எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, இதே திண்ணைக்குக் கொண்டுவந்து காட்டினார்.

அஞ்சலக நண்பர்தான் கூட்டிப் பார்த்தார். “ஆளுக்கு 180 ஆயிற்று. பதினைந்து பேருக்கு 2,700. ஓட்டுநருக்கு 200. ஆக 2,900. தம்பி, நூறு ரூபாய் குறைகிறதே?” என்றார். நாமும் மனக்கணக்காகக் கூட்டினோம், ஆமென்று தலையசைத்தோம். இளைஞர் முகம் வெளிறியது. நோட்டை வாங்கிப் பலமுறை கூட்டினார். அவருக்கும் 2,900தான் வந்தது.

யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. “போகட்டும், நூறு ரூபாய்தானே, பெரிதுபடுத்த வேண்டாம்” என்றுதான் சொன்னோம். பெருந்தன்மை என்று நாம் நினைத்த அந்தச் சொல், பழியை உறுதி செய்த சொல்லாயிற்று. மறுநாள் காலையில் அவர் ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார். நாம் அதை வாங்கித் தெருவின் பொதுச் செலவுக்கு வைத்துக்கொண்டோம்.

அன்பர்களே, 30ஐ 3,000 ஆக்கிப் பாருங்கள். 25ஐ 2,500 ஆக்கிப் பாருங்கள். விடுதிக் கதைக்கும் வேன் கணக்கிற்கும் ஒரு வேறுபாடுதான் உண்டு. கதையில் வரும் பையன் இரண்டு ரூபாயை உண்மையாகவே எடுத்தான். நம் இளைஞரோ ஒரு காசும் எடுக்கவில்லை. உரிமையாளரிடம் 2,500, ஓட்டுநர் கிளீனரிடம் 200, எங்களிடம் 300; கணக்கு அன்றைக்கே நேராக இருந்தது. அவர் நூறு ரூபாய் கொடுத்த பிறகுதான் அது கோணலாயிற்று. நமக்கு உரிமையில்லாத நூறு ரூபாய் நம்மிடம் இருந்தது. அதை ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அதன் பின்னர் அந்த இளைஞர் பொதுப்பணம் எதையும் தொட்டதில்லை. இளைஞர் மன்றத்திற்குப் பொருளாளராக இருக்கும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். மன்றத்தார் அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டிருக்கலாம். சில ஆண்டுகளில் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தார். இரு சக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார் என்று அண்ணாச்சி சொன்னார்.

அடுத்த ஞாயிறு அஞ்சலக நண்பரும் நாமும் அங்கே சென்றோம். தலை நரைக்கத் தொடங்கிய மனிதர் ஒருவர் எண்ணெய்க் கையைத் துடைத்தவாறே எழுந்து வந்து, “வாங்க மாமா” என்று நாற்காலி போட்டார். தேநீர் வரவழைத்தார். நண்பர் குடிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்தார். ஒரு பக்கத்தில் 2,700 என்று எழுதினார். மறுபக்கத்தில் 2,500 என்றும், அதன் கீழ் 200 என்றும் எழுதினார். “தம்பி, அன்றைக்கு நான் தவறாகக் கூட்டிவிட்டேன்” என்றார். அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒரு முறை விரலால் எழுதிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நீங்கள் தவறாகக் கூட்டினீர்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, மாமா. எனக்கும் அதே தொகைதானே வந்தது. வேன் நின்ற இடத்தில் இருட்டில் எங்கேயோ நழுவ விட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அம்மா தையல் கூலியிலிருந்து அந்த நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார்கள். ‘இனிமேல் அடுத்தவர் பணத்தைக் கையில் வாங்காதே; உனக்குக் கவனம் பற்றாது’ என்றார்கள். அவர்கள் இருந்திருந்தால் இந்தத் தாளைக் காட்டியிருப்பேன்.”

தவறாகக் குற்றம் சாட்டப்படுவது ஒரு துன்பம். அக்குற்றச்சாட்டைத் தானே நம்பிவிடுவது அதனினும் பெரிய துன்பம். நம் தலையசைப்பு ஒருவரை முப்பது ஆண்டுகளாகத் தம் கையையே நம்பாதவராக ஆக்கியிருந்தது.

நண்பர் ஓர் உறையை நீட்டினார். வேண்டாம் என்று மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் மறுக்கவில்லை. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கடையின் உள்ளே சக்கரத்திற்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு, “இங்கே வா, உனக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மூன்று பேர் ஒரு லாட்ஜுக்குப் போனார்கள்” என்று தொடங்கினார். நண்பர் அப்போதுதான் தேநீரை எடுத்துக் குடித்தார்.

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! இத்திங்கள் ஒரு நாள் இரவு உணவு முடிந்ததும் இக்கணக்கை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். முப்பது புளியங்கொட்டைகளைக் கொடுத்து அவர்களே வைத்துப் பார்க்கட்டும். எலுமிச்சம்பழக் கணக்கையும் சேர்த்தே சொல்லுங்கள். சில வேளைகளில் ரூபாய் தொலைவதே இல்லை. சில வேளைகளில் உண்மையாகவே தொலைகிறது. எது எந்த வகை என்பதைப் பொருளை எண்ணிப் பார்த்தே அறியமுடியும் என்பதைப் பிள்ளைகள் இளமையிலேயே உணரட்டும்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடமோ, கடைக்கு அனுப்பிய பிள்ளையிடமோ, சங்கத்தின் பொருளாளரிடமோ, “கணக்கு இடிக்கிறதே” என்று சொல்ல வாயெடுக்கும் முன், ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழிப்போம். எவ்வளவு வந்தது என்று ஒரு பக்கம், எங்கெங்கே போயிற்று என்று மறுபக்கம் எழுதுவோம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். நாங்கள் அன்று அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடவில்லை.